புரொஃபைலர் பார்க்காத நேரம்

நிரலை வேகப்படுத்துவதாகச் சொல்லி வரும் மாற்றங்களைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவதும் திருப்பி அனுப்புவதும்தான் என் வேலையின் பெரும்பகுதி. தேடல் சேவை ஒன்றின் சர்வர் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் வரும் ஒவ்வொரு மாற்றத்துடனும் சான்றாக ஒரு ஃபிளேம் கிராஃப், அதாவது நிரலின் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் போகிறது என்பதைப் பட்டைகளின் அகலத்தால் காட்டும் படம், இணைந்திருக்கும். அடுக்கடுக்காக ஆரஞ்சு நிறப் பட்டைகள், அவற்றில் அகலமான ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் 38% என்பது போல ஓர் எண். அந்த எண் வந்தவுடன் பேச்சு முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். என் கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

நிரலின் நேரம் எங்கே போகிறது என்று அளந்து இந்தப் படங்களுக்குத் தரவு தரும் கருவிகளான புரொஃபைலர்கள் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. அவை இல்லாத இடத்தில் நிரலாளர்கள் ஊகத்தை நம்பித் திருத்துகிறார்கள், அந்த ஊகம் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. ஆனால் புரொஃபைலர் பதில் சொல்லும் கேள்வி ஒன்று, நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. “நான் எட்டிப் பார்த்த கணங்களில் ப்ராசசர் எந்த வரியில் இருந்தது?” என்பதற்கு அது பதில் சொல்கிறது. “இந்த வரியை மாற்றினால் பயனர் காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறையும்?” என்பதுதான் நாம் அறிய விரும்புவது. இரண்டும் ஒன்றாகிவிடும் நிரல்கள் உண்டு, நான் வேலை செய்யும் நிரல்கள் அந்த வகையில் சேர்வது அரிது.

அந்த 38% முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட செயற்கூறை (நிரலில் தனிப் பெயருடன் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) அடியோடு நீக்கினாலும் மீதி 62% அப்படியே இருக்கும். ஆக, நிரல் அதிகபட்சம் 1.61 மடங்கு வேகமாகும். நீக்க முடியாமல் அதை இரண்டு மடங்கு வேகப்படுத்தினால் கிடைப்பது 1.23 மடங்கு. 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து நேராக வரும் கணக்கு இது. ஒரே திரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச் சரடு), எதற்கும் காத்திராமல் ஓடும் நிரலுக்குத்தான் இந்தக் கணக்கும் அப்படியே பொருந்தும். பல திரெட்டுகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கும் நிரலில், 38% எடுத்துக்கொள்ளும் செயற்கூறை முழுவதும் அகற்றிய பிறகும் பயனருக்கு ஒரு மில்லி விநாடிகூட மிச்சமாகாமல் போகலாம்.

இனி, அந்த எண் எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம்.

1982இல் பெர்க்லியில் சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மெக்கூசிக் ஆகியோர் ஜிப்ராஃப் என்ற கருவியை வெளியிட்டார்கள். எந்தச் செயற்கூறு எதை எத்தனை முறை அழைத்தது என்பதையும் நேரக் கணக்கையும் ஒருசேரக் காட்டியதால் அது பெரிய முன்னேற்றமாக இருந்தது. அழைப்புகளை அது உள்ளபடியே எண்ணும். நேரத்தை மட்டும் இடைவெளி விட்டு மாதிரி எடுத்து மதிப்பிடும். ஒரு செயற்கூறில் கழிந்த நேரத்தை அதை அழைத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது, ஒவ்வோர் அழைப்பும் ஒரே அளவு நேரம் எடுத்திருக்கும் என்று வைத்துக்கொள்ளும். எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை, கையேட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். படிக்கிறவர்கள்தான் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இதன் விளைவைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் இப்படி விளக்குவது வழக்கம். வரிசைப்படுத்தும் செயற்கூறு ஒன்று இருக்கிறது. ‘அ’ என்ற இடம் அதைச் சின்னப் பட்டியல்களுடன் 99 முறை அழைக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 1 மில்லி விநாடி ஆகிறது. ‘ஆ’ என்ற இடம் பெரிய பட்டியலுடன் ஒரே ஒரு முறை அழைக்கிறது, அதற்கு 901 மில்லி விநாடி ஆகிறது. மொத்தம் ஒரு விநாடி. ஜிப்ராஃப் இந்த ஒரு விநாடியை அழைப்புகளின் எண்ணிக்கைப்படி பங்கிட்டு, ‘அ’வின் கணக்கில் 990 மில்லி விநாடியையும் ‘ஆ’வின் கணக்கில் 10 மில்லி விநாடியையும் எழுதும். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். அறிக்கையை நம்புகிறவர் ‘அ’வைத் திருத்த உட்காருவார்.

இன்றைய லினக்ஸின் பெர்ஃப் போன்ற கருவிகள் இந்தத் தவறைச் செய்வதில்லை. மாதிரி எடுக்கும் ஒவ்வொரு கணத்திலும் முழு அழைப்பு அடுக்கையும் (எந்தச் செயற்கூறு எதை அழைத்து அங்கே வந்தது என்ற வரிசை) பதிவு செய்துகொள்கின்றன. மாதிரி என்பதால் வரும் நிச்சயமின்மை மட்டும் எங்கும் போய்விடவில்லை. விநாடிக்கு 99 மாதிரி என்ற வேகத்தில் பத்து விநாடி பதிவு செய்தால், இடைவிடாமல் வேலை செய்யும் ஒரு கோரிலிருந்து (ப்ராசசருக்குள் தனித்து இயங்கும் கணக்கிடும் பகுதி) சுமார் 990 மாதிரிகள் வரும். 1% நேரம் எடுக்கும் செயற்கூறுக்கு அதில் பத்து மாதிரிகள். பத்தின் வர்க்கமூலம் மூன்றுக்குச் சற்று மேல், ஆகவே அதே நிரலை மறுபடி ஓட்டினால் ஏழோ பதின்மூன்றோ வந்தால் வியப்படைய ஏதுமில்லை. 1.2% ஆக இருந்தது 0.9% ஆகக் குறைந்துவிட்டது என்று ஒரு மாற்றத்துக்கு ஒப்புதல் கேட்டு வரும்போது, எத்தனை மாதிரிகள் என்றுதான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் படத்தில் அந்த எண்ணிக்கை இருப்பதில்லை. சதவீதத்தை மட்டும் காட்டிவிட்டு மாதிரி எண்ணிக்கையை ஒதுக்கிவைக்கும் கருவிகள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

ஏன் 100 இல்லாமல் 99 என்பதற்கும் காரணம் இருக்கிறது. நிரலுக்குள் பத்து மில்லி விநாடிக்கு ஒருமுறை ஏதாவது வேலை நடந்தால், விநாடிக்கு 100 மாதிரி எடுக்கும் கருவி அதனுடன் ஒத்திசைந்து ஓடத் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அந்த வேலை நடக்கும்போதே பார்க்கும், அல்லது ஒருமுறைகூடப் பார்க்காது. ஃபிளேம் கிராஃபை 2011இல் உருவாக்கிய பிரெண்டன் கிரெக்கின் எடுத்துக்காட்டுகளில் 99 திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

மாதிரி சரியான கணத்தில் எடுக்கப்பட்டாலும் சரியான வரியைக் காட்டும் என்ற உறுதி இல்லை. இன்றைய ப்ராசசர் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆணைகளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசை மாற்றிச் செய்கிறது. மாதிரி எடுக்கக் குறுக்கீடு வந்து அது நிற்கும்போது பழி அடுத்த ஆணையின் மேல் விழும், சில சமயம் அதற்கும் அப்பால் விழும். நினைவகத்திலிருந்து தரவை எடுக்கும் ஆணை மெதுவாக இருக்க, அந்தத் தரவைப் பயன்படுத்தும் எளிய கூட்டல் வரி சிவந்து தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்டெல்லின் பெப்ஸ், ஏஎம்டியின் ஐபிஎஸ் ஆகிய வன்பொருள் வசதிகள் இந்த வழுக்கலை வெகுவாகக் குறைக்கின்றன. மேகக் கணினிகளில் வாடகைக்கு எடுத்த மெய்நிகர் இயந்திரங்களில் அவை பல இடங்களில் கிடைப்பதில்லை.

ஜாவா பக்கம் போனால் சிக்கல் இன்னும் ஆழமானது. ஜாவா மெய்நிகர் இயந்திரம் ஒரு திரெட்டை எந்த இடத்திலும் பாதுகாப்பாக நிறுத்திவிட முடியாது. அதற்கென்று கம்பைலர் (நிரலை இயந்திர ஆணைகளாக மாற்றும் மென்பொருள்) நட்டுவைத்த நிறுத்தப் புள்ளிகள் உண்டு, அவற்றை சேஃப்பாயின்ட் என்பார்கள். பழைய முறையில் இயங்கும் புரொஃபைலர் “நில்” என்று சொன்னால், திரெட் அடுத்த புள்ளி வரை ஓடிப்போய்த்தான் நிற்கும். கருவி பார்ப்பது அந்தப் புள்ளியை. கம்பைலர் நன்றாகச் செதுக்கிய இறுக்கமான சுழல்களில் அத்தகைய புள்ளிகளே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் மிகச் சூடான, அதாவது மிக அதிக நேரம் எடுக்கும், சுழல் அறிக்கையில் வராது, அதை விட்டு வெளியே வந்தபின் முதலில் தட்டுப்படும் அப்பாவிச் செயற்கூறு வரும்.

2010இல் டாட் மிட்கோவிச், அமர் திவான், மத்தியாஸ் ஹவுஸ்விர்த், பீட்டர் ஸ்வீனி ஆகிய நால்வரும் பரவலாகப் பயன்பட்ட நான்கு ஜாவா புரொஃபைலர்களை ஒரே நிரல்களின் மேல் ஓட்டிப் பார்த்து எழுதினார்கள். எது மிகச் சூடான செயற்கூறு என்பதில் அவை அடிக்கடி ஒன்றுக்கொன்று முரண்பட்டன. ஒரே நிரலுக்கு நான்கு விடை என்றால் எல்லாமே சரியாக இருக்க முடியாது. அந்த ஆய்வை எங்கள் குழுவில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்தில் படிக்கக் கொடுக்கிறேன்.

படித்தது பயன்பட்ட சந்தர்ப்பமும் உண்டு. எங்கள் குறியீட்டுச் சேவையில் ஓர் எண்ணைத் திருப்பித் தருவதைத் தவிர வேறெதுவும் செய்யாத இரண்டு வரிச் செயற்கூறு, பட்டியலின் உச்சியில் வந்து நின்றது. அதை எடுத்துவிடலாம் என்று ஒரு மாற்றமும் வந்தது. இரண்டு வரிக்கு அவ்வளவு நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை. சேஃப்பாயின்டுக்குக் காத்திராமல் மாதிரி எடுக்கும் அசிங்க்-புரொஃபைலரில் மறுபடி ஓட்டச் சொன்னேன். அந்தச் செயற்கூறு படத்திலிருந்தே மறைந்தது. அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஹாஷ் கணக்கிடும் சுழல் அகலமாக விரிந்து தெரிந்தது. முதல் படத்தில் அந்தச் சுழலின் பெயரே இல்லை.

அழைப்பு அடுக்கைச் சரியாகப் படிப்பதும் எளிதில்லை. கம்பைலர் சிறிய செயற்கூறுகளை அழைத்த இடத்திலேயே கரைத்துவிடும், அவற்றின் நேரம் அழைத்தவரின் பெயரில் ஏறும். அழைத்தவரைத் தேடிப்போக உதவும் ஃபிரேம் பாயின்டர் இல்லாமல் தொகுத்த நூலகத்துக்குள் நுழைந்ததும் அடுக்கு அறுந்துபோகும், படத்தில் பெற்றோர் தெரியாத பட்டைகள் மிதக்கும். அதற்குப் போகும் ஒரு ரெஜிஸ்டரை (ப்ராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற பழைய 32 பிட் காலக் கணக்கு, 64 பிட் இயந்திரங்களிலும் பல ஆண்டுகள் வழக்கமாகத் தொடர்ந்தது. வேகம் சற்றுக் குறையும் என்ற எதிர்ப்பையும் தாண்டி ஃபெடோரா 2023இல் தன் 38ஆம் பதிப்பிலும், உபுண்டு அடுத்த ஆண்டு 24.04 பதிப்பிலும் ஃபிரேம் பாயின்டர்களைத் திரும்பக் கொண்டுவந்தன. மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து.

மாதிரி எடுக்காமல் ஒவ்வோர் அழைப்பின் தொடக்கத்தையும் முடிவையும் பதிவு செய்யும் கருவிகள் துல்லியமானவை என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பைத்தானின் சிப்ரொஃபைல் அந்த வகை. ஒவ்வோர் அழைப்பிலும் அது தன் கணக்கை எழுதிக்கொள்கிறது, அதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய நிலையானது. பெரிய செயற்கூறுக்கு அது பொருட்டில்லை. ஓர் அகராதியில் தேடிவிட்டுத் திரும்பும் சின்னச் செயற்கூறை லட்சக்கணக்கான முறை அழைத்தால், அளப்பதற்கு ஆன நேரம் அளக்கப்பட்ட நேரத்தை விழுங்கிவிடும். அறிக்கையைப் பார்த்துச் சின்னச் செயற்கூறுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எழுதினால், புரொஃபைலரின் கீழ் நிரல் பறக்கும். புரொஃபைலர் இல்லாமல் முன்பிருந்த வேகத்திலேயே போகும், படிப்பதற்கு மட்டும் கடினமாகிவிட்டிருக்கும். இந்தக் கருவி எந்தெந்தப் பகுதியில் நேரம் போகிறது என்பதைக் காட்டத்தான், வேகத்தை ஒப்பிட அல்ல என்று பைத்தானின் ஆவணமே சொல்கிறது. வால்கிரைண்ட் இன்னொரு கோடி. நிரலைத் தனக்குள் ஒரு செயற்கை ப்ராசசரில் ஓட்டி ஆணைகளை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை மறுபடி மறுபடி ஓட்டினாலும் பெரிதாக மாறாது, அது அரிய குணம். ஆனால் திரெட்டுகளை ஒரு நேரத்துக்கு ஒன்றாகத்தான் ஓட விடும். திரெட்டுகள் பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் நுழைய விடும் காவல்) மோதிக்கொள்வதைத் தேடுகிறவருக்கு அங்கே மோதலே இருக்காது.

இதுவரை சொன்னவை எல்லாம் ப்ராசசரில் ஓடிய நேரத்தை அளப்பதில் வரும் பிழைகள். என்னை மிகவும் உறுத்துவது ஓடாத நேரம்.

சர்வர் நிரலின் வாழ்நாளில் பெரும்பகுதி காத்திருப்பில் கழிகிறது. வட்டுக்கு, வலைக்கு, இன்னொரு திரெட் வைத்திருக்கும் பூட்டுக்கு, தனக்கு ஒரு கோர் கிடைப்பதற்கு என்று அது நின்றுகொண்டே இருக்கும். வழக்கமான சிபியு புரொஃபைலர் ப்ராசசரில் இருக்கிறவர்களை மட்டும் எண்ணுகிறது. தூங்கும் திரெட் அதன் கண்ணில் படாது. காத்திருப்பு எவ்வளவு நீண்டாலும் மாதிரி சுழியம்தான். அதாவது, பயனரை மிக அதிகமாகக் காக்கவைக்கும் இடம் படத்தில் மிக மெல்லியதாகத் தெரியும்.

எங்கள் தேடல் சர்வரில் நூறில் ஒரு கோரிக்கை மட்டும் விளங்காத வகையில் தாமதித்தது. கோர்களில் பாதி சும்மா இருந்தன. ஃபிளேம் கிராஃபில் முடிவுகளைத் தரவரிசைப்படுத்தும் செயற்கூறு பெரிதாகப் பரந்திருந்தது, அதைப் பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் வெக்டர் ஆணைகளால் மாற்றி எழுதும் திட்டம் ஒன்று வந்தது. திறமையான வேலை, கணக்கும் சுத்தமாக இருந்தது. எனக்கு இடறியது ஒன்றுதான்: ப்ராசசரே தடை என்றால் பாதிக் கோர்கள் ஏன் சும்மா இருக்கின்றன? திரெட்டுகள் ப்ராசசரை விட்டு இறங்கும் ஒவ்வொரு நிகழ்வையும், இறங்கும்போது இருந்த அழைப்பு அடுக்கையும், லினக்ஸ் கருவுக்குள் நடப்பதைப் பார்க்க உதவும் இபிபிஎஃப் வழியாகப் பதிவு செய்யச் சொன்னேன். வந்த படத்தில் ஒரே ஒரு கோபுரம். தேடல் சொற்களைப் பதிவேட்டில் எழுதும் செயற்கூறு, எழுதும் வரை ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. எழுத வேண்டியதைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் தாங்கல் நிரம்பும்போது, அந்தப் பூட்டை விடாமலே வட்டில் எழுதி முடியும் வரை நின்றது. அவ்வளவு நேரமும் மற்ற எல்லாத் திரெட்டுகளும் வாசலில் வரிசையாக நின்றன. சிபியு படத்தில் இதே செயற்கூறு அரைச் சதவீதத்துக்கும் கீழே இருந்தது. பதிவேட்டு எழுத்தைத் தனித் திரெட்டுக்கு மாற்றியதும் அந்த நூறில் ஒன்றின் தாமதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தரவரிசைச் செயற்கூறை யாரும் தொடவில்லை.

நூறில் ஒன்று என்பதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013இல் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் ஒரு கணக்கைக் காட்டினார்கள். ஒரு சர்வர் நூறில் ஒரு முறை மட்டும் ஒரு விநாடிக்கு மேல் தாமதிக்கிறது. பயனரின் ஒரு கோரிக்கைக்கு அப்படிப்பட்ட நூறு சர்வர்களின் பதிலும் தேவை. அப்போது 63% கோரிக்கைகள் ஒரு விநாடியைத் தாண்டும். அந்த அரிய தாமதத்தைக் கண்டுபிடிக்க வழக்கமான புரொஃபைல் உதவாது. எல்லாக் கோரிக்கைகளின் மாதிரிகளையும் ஒரே குவியலாகக் கொட்டி அது சராசரி காட்டுகிறது. வேகமான 99 கோரிக்கைகளின் உருவத்துக்குள் மெதுவான ஒன்று கரைந்துபோகிறது.

சுமை கொடுத்துச் சோதிக்கும் கருவியும் இதே இடத்தில் ஏமாற்றக்கூடும். பத்து மில்லி விநாடிக்கு ஒன்று என்று கோரிக்கை அனுப்பும் கருவி, முந்தையதன் பதில் வந்த பின்பே அடுத்ததை அனுப்புகிறது என்றால், சர்வர் ஒரு முழு விநாடி உறைந்து நிற்கும்போது ஒரே ஒரு மெதுவான கோரிக்கையைத்தான் அது குறித்துக்கொள்ளும். உண்மையான பயனர்கள் என்றால் அந்த ஒரு விநாடியில் நூறு பேர் காத்திருப்பார்கள். கில் டெனே இதற்கு ‘கோஆர்டினேட்டட் ஒமிஷன்’ என்று பெயர் வைத்து, பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். சோதனையே இப்படி இருந்தால், அதன் மேல் எடுத்த புரொஃபைல் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன?

ப்ராசசர் மும்முரமாக இருப்பதாகக் காட்டும் நேரத்திலும் காத்திருப்பு ஒளிந்திருக்கிறது. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவு வர ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசருக்கு அது 300 துடிப்பு. அதில் பெரும்பகுதி வீணாகப் போனாலும் இயங்குதளம் அதை 100% பயன்பாடு என்றே எழுதும். அந்தத் தரவு கேச்சில் (ப்ராசசருக்கு அருகில் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) இல்லாமல் போனதற்குக் காரணம், சற்று முன் ஓடி கேச்சை முழுவதும் நிரப்பிவிட்டுப் போன வேறொரு செயற்கூறாக இருக்கலாம். புரொஃபைலர் அடிபட்ட இடத்தைக் காட்டும். அடித்தவர் வேறு இடத்தில் மெலிந்த பட்டையாக இருப்பார். பயன் முடிந்த நினைவகத்தைத் தானாக மீட்கும் குப்பை சேகரிப்பும் இப்படித்தான். ஓரிடத்தில் தாராளமாகப் பொருள்களை உருவாக்கித் தள்ளினால் அதன் செலவு சேகரிப்பான் திரெட்டின் கணக்கில் ஏறும், உருவாக்கிய இடம் மலிவாகத் தெரியும்.

2009இல் இதே மிட்கோவிச் குழு இன்னொன்றைக் காட்டியது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் அமைப்புத் தகவல்களான சூழல் மாறிகளின் மொத்த அளவை மட்டும் மாற்றினாலே ஓடும் நேரம் மாறியது. அந்த மாறிகள் அடுக்குக்கு முன்னால் நினைவகத்தில் உட்காருகின்றன, அவற்றின் நீளம் மாறினால் அடுக்கின் தொடக்க முகவரி நகரும். கோப்புகளை இணைக்கும் வரிசையை மாற்றினாலும் இதே கதை. பயனர் பெயரின் நீளம்கூடச் சூழல் மாறியில்தான் இருக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து, ஒரே கணினியில் ஒரே அமைப்பில் எடுத்த இரண்டு அளவைகளுக்கு நடுவே இரண்டு மூன்று சதவீத வேறுபாடு காட்டி வரும் மாற்றங்களை நான் ஏற்பதில்லை. சார்லி கர்ட்சிங்கரும் எமரி பெர்கரும் 2013இல் நிரலின் நினைவக அமைப்பை ஓடும்போதே திரும்பத் திரும்பக் கலைத்துப்போட்டு அளக்கும் ஸ்டெபிலைசர் என்ற கருவியை உருவாக்கினார்கள். அப்படி அளந்தபோது, எல்எல்விஎம் கம்பைலரின் ஓ3 என்ற உயர்ந்த வேகப்படுத்தும் நிலை, அதற்குக் கீழே உள்ள ஓ2 நிலையைவிடத் தரும் கூடுதல் பலன், தற்செயல் ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்தறிய முடியாததாக இருந்தது.

நாம் கேட்க விரும்பும் கேள்விக்கு மிக அருகில் வந்த கருவியும் அவர்களுடையதே. 2015இல் வந்த காஸ், ‘இந்த வரி வேகமானால் என்ன ஆகும்?’ என்பதைச் சோதித்தே பார்க்கிறது. ஒரு வரியை மாயமாக வேகப்படுத்த முடியாது. அதனால் அந்த வரி ஓடும்போதெல்லாம் மற்ற எல்லாத் திரெட்டுகளையும் சற்று நிறுத்திவைக்கிறது. ஒப்பீட்டளவில் அந்த வரி வேகமானதற்கு இது சமம். பிறகு நிறுத்திவைத்த நேரத்தைக் கழித்துவிட்டு, மொத்த வேலை எவ்வளவு முன்னேறியது என்று பார்க்கிறது. இந்த யோசனையின் அழகு இன்றைக்கும் என்னைச் சிலிர்க்க வைக்கிறது. அதன் வழிகாட்டுதலில் அவர்கள் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை 25%, மெம்கேஷ்ட் என்ற நினைவகச் சேமிப்பு சர்வரை 9% வேகப்படுத்தினார்கள். சில வரிகளை வேகப்படுத்தினால் நிரல் மெதுவாகும் என்றுகூட அது காட்டும். பூட்டுக்கான போட்டி கூடிவிடும் இடங்கள் அவை. சாதாரண ஃபிளேம் கிராஃப் எந்தக் காலத்திலும் அதைச் சொல்ல முடியாது.

காஸுக்கும் எல்லை உண்டு. ஒரே கணினியில் ஓடும் ஒரே நிரலுக்குள்தான் அது திரெட்டுகளை நிறுத்திவைக்க முடியும். எங்களுடையதைப் போல ஒரு கோரிக்கை பல சர்வர்களைத் தாண்டிப் போகும் அமைப்பில், மற்ற சர்வர்களை எல்லாம் நிறுத்திவைக்க வழியில்லை.

பெரிய அமைப்புகளில் இன்னொரு சங்கடம், சூடான இடம் என்று ஒன்று கண்ணில் படாமலே போவது. 1971இல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்த டொனால்ட் நூத், நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதி பொதுவாகப் பாதிக்கு மேற்பட்ட நேரத்தை எடுத்துக்கொள்வதாக எழுதினார். புரொஃபைலர்கள் மேல் நமக்கிருக்கும் நம்பிக்கையின் வேர் அங்கே இருக்கிறது. 2015இல் கூகுளின் தரவு மையங்களில் எடுத்த அளவைகள் வேறு உருவத்தைக் காட்டின. நினைவக ஒதுக்கீடு, நகலெடுத்தல், சுருக்குதல், ஹாஷ், தொலை அழைப்பு என்று எல்லா நிரல்களுக்கும் பொதுவான அடித்தள வேலைகளே ஏறக்குறைய 30% துடிப்புகளை எடுத்துக்கொண்டன. எங்கள் சர்வரின் படமும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. புல்வெளி போலத் தட்டையாக, வட்டம் போட ஓர் இடம்கூட இல்லாமல். அதைப் பார்த்து ‘இனிச் செய்ய ஒன்றுமில்லை’ என்று முடிவெடுக்கிறவர்களுடன் நான் உடன்படுவதில்லை. கேச் எப்படிப் பயன்படுகிறது, ஒரே தரவு எத்தனை முறை வடிவம் மாறுகிறது, எந்த வேலையைச் செய்யாமலே விடலாம் என்ற கேள்விகளை எந்தப் பட்டையும் காட்டாது. அவற்றுக்கு நிரலைப் படித்தாக வேண்டும்.

இப்போது எங்கள் குழு வேறொரு வழியை முயன்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாதிரியுடனும், ப்ராசசரை விட்டு இறங்கும் ஒவ்வொரு நிகழ்வுடனும், அந்த நேரத்தில் திரெட் எந்தக் கோரிக்கைக்காக வேலை செய்தது என்ற அடையாள எண்ணைச் சேர்த்து எழுதுகிறோம். ஓடிய நேரமும் நின்ற நேரமும் ஒரே காலக்கோட்டில் வந்துவிடும், மெதுவான கோரிக்கைகளை மட்டும் தனியே பிரித்துப் பார்க்கலாம். சுமை மிகுந்த சர்வரில் இத்தகைய நிகழ்வுகள் விநாடிக்கு லட்சக்கணக்கில் குவிகின்றன, எல்லாவற்றையும் சேமிப்பது நடக்காத காரியம். எனவே அவற்றை நினைவகத்தில் ஒரு வட்டத் தாங்கலில் சுழலவிட்டு, ஒரு கோரிக்கை நேர வரம்பைத் தாண்டும்போது மட்டும் அதற்குரியவற்றை வட்டில் எழுதுகிறோம். வரம்பை எங்கே வைப்பது என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. மிக மெதுவானவற்றை மட்டும் பிடித்தால் போதும் என்கிறார்கள் சிலர். வேகமான கோரிக்கைகளிலும் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து வைக்க வேண்டும் என்று நான் வாதிட்டு வருகிறேன். மெதுவானதில் இருக்கும் காத்திருப்பு வேகமானதில் இல்லை என்று காட்டினால்தான், அது காரணமாக இருக்கக்கூடும் என்றே பேச முடியும்.